மூளையில் சேரும் இரும்பை எம்.ஆர்.ஐ. எப்படி அளக்கிறது?

இறந்தவரின் மூளையிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, பொட்டாசியம் ஃபெரோசயனைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறப்போட்டால், இரும்பு இருக்கும் இடமெல்லாம் சொட்டு நீலம் போட்ட மாதிரி நிறம் மாறும். 1867இல் மாக்ஸ் பெர்ல்ஸ் என்ற ஜெர்மானியர் சொன்ன முறை இது. மறதி நோயான அல்சைமர் வந்தவர்களின் மூளையில், அமிலாய்டு புரதம் படிந்த திட்டுகளிலும் இந்த நீலம் தெரியும். என்ன, அதைப் பார்க்க ஆள் செத்திருக்க வேண்டும். உயிரோடு இருப்பவரிடம் பார்க்கத்தான் எம்.ஆர்.ஐ.

மூளையில் இரும்பு இருப்பதே தப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 1958இல் ஸ்வீடனில் ஹால்கிரன், சௌராண்டர் இருவரும் 81 மூளைகளை அளந்து பார்த்தார்கள். குளோபஸ் பாலிடஸ் என்ற உட்பகுதியில் 100 கிராம் திசுவுக்குச் சுமார் 21 மில்லிகிராம் இரும்பு இருந்தது. சுமார் முப்பது வயதுவரை அது மளமளவென்று ஏறுகிறது. வயதானால் எல்லோருக்கும் இரும்பு சேரும். ஹிப்போகாம்பஸ் போன்ற நினைவுப் பகுதிகளில் அல்சைமர்காரர்களுக்குக் கூடுதலாகச் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

பெரும்பாலான இரும்பு ஃபெரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் பூட்டிக் கிடக்கும். ஒரு கூட்டில் 4500 அணுக்கள்வரை அடங்கும். பூட்டுக்கு வெளியே திரியும் இரும்புதான் வம்பு: செல்லுக்குள் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து, அக்கம்பக்கத்தை அரிக்கும் வேதித்துணுக்குகளைக் கிளப்பிவிடும்.

சரி, படம் எப்படி எடுக்கிறார்கள்? 3 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள், உடலின் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் கருக்கள் நொடிக்குச் சுமார் 12.8 கோடி தடவை சுழல்கின்றன. கோலாட்டம் ஆடுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே தாளத்தில் அடித்தால் சத்தம் கணீரென்று கேட்கும். ஃபெரிட்டினுக்குள் இருக்கும் இரும்பு தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைத் துளி மாற்றிவிடும். மாற்றம் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனாலும் பக்கத்துக் கருக்களில் சில முந்தும், சில பிந்தும். தாளம் குலையும், சமிக்ஞை மங்கும், படத்தில் அந்த இடம் கறுக்கும்.

கறுப்பை மட்டும் நம்ப முடியாது. கால்சியம் படிந்தாலும் கறுக்கும், சின்ன ரத்தக்குழாயும் கறுக்கும். அதனால் எவ்வளவு மங்கியது என்பதோடு, ஒவ்வொரு இடத்திலும் தாளம் எவ்வளவு முந்தியது, பிந்தியது என்பதையும் கணக்கில் எடுக்கிறார்கள். அதிலிருந்து காந்தப்புலத்தின் வரைபடம் கிடைக்கும். அதை வைத்து ஒவ்வொரு இடத்தின் காந்த ஏற்புத்திறனை, அதாவது அந்த இடம் காந்தப்புலத்துக்கு எவ்வளவு வசப்படுகிறது என்பதை, கணக்கிட வேண்டும். இந்த முறைக்கு க்யூ.எஸ்.எம். என்று பெயர். இதில் இரும்பும் கால்சியமும் எதிரெதிராகப் பிரிந்துவிடும்: ஒன்று வெளுப்பு, மற்றது கறுப்பு.

கஷ்டமே அந்தக் கணக்கில்தான். ஓரிடத்து இரும்பு கலைக்கும் புலம் பக்கத்து இடங்களிலும் பரவும். குளத்து அலைகளைப் பார்த்து, கல் எங்கே விழுந்தது, எவ்வளவு பெரிய கல் என்று சொல்வது போன்ற வேலை. போதாக்குறைக்கு, முதன்மைக் காந்தப்புலத்திலிருந்து சுமார் 54.7 பாகைச் சாய்வில் தகவல் அடியோடு காணாமல் போகும். தலையை வெவ்வேறு கோணங்களில் சாய்த்துத் திரும்பத் திரும்பப் படம் எடுத்தால் இந்த ஓட்டையை அடைக்கலாம். ஆனால் மறதியில் தவிக்கும் ஒரு பெரியவரை அந்தக் குழாய்க்குள் மூன்று முறை கழுத்தைத் திருப்பிப் படுக்கச் சொல்வதா? ஒரே தடவை எடுத்துவிட்டு, மிச்சத்தை மென்பொருளின் ஊகத்துக்கு விடுகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையின் காந்தக் குணம் இரும்புக்கு நேர் எதிர். நோயில் மயலின் தேய்ந்தால், இரும்பு ஒரு துளி கூடாமலேயே அளவு ஏறிக் காட்டும்.

இவ்வளவு இருந்தும் முறை வேலை செய்கிறது. ஹிப்போகாம்பஸில் க்யூ.எஸ்.எம். காட்டும் அளவு கூடுதலாக இருந்து, அமிலாய்டும் சேர்ந்தவர்களுக்கு நினைவாற்றல் வேகமாகச் சரிவதாக 2017இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. அப்படியென்றால் இரும்பை வெளியேற்றிவிடலாமே? அதையும் செய்து பார்த்தார்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களின் உடலில் தேங்கும் இரும்பை அகற்றத் தரும் டெஃபெரிப்ரோன் மருந்தை, அல்சைமர் தொடக்கநிலையில் இருந்தவர்களுக்கு ஓராண்டு கொடுத்தார்கள். 2024இல் முடிவு வந்தது: ஹிப்போகாம்பஸில் இரும்பு குறைந்திருந்தது, க்யூ.எஸ்.எம். அதைக் காட்டியது. ஆனால் மருந்து எடுத்தவர்களின் மூளைத்திறன், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட வேகமாகச் சரிந்தது. மூளையின் முன்பகுதியும் கூடுதலாகச் சுருங்கியிருந்தது. அதே மருந்தை, கைகால் நடுக்கம் வரும் பார்கின்சன் நோயில் கொடுத்துப் பார்த்து 2022இல் வந்த முடிவும் இதே கதைதான்.

என் ஊகம், பூட்டிக் கிடக்கும் இரும்புக்கும் திரியும் இரும்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கே முக்கியம். படத்தில் தெரிவது பெரும்பாலும் பூட்டிக் கிடப்பது. மருந்தோ, செல்லுக்கு வேலைக்குத் தேவையான இரும்பையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கலாம். (இதைப் படித்துவிட்டு யாரும் முருங்கைக்கீரையையோ ரத்தசோகை மாத்திரையையோ நிறுத்த வேண்டாம். ரத்தத்தில் உள்ள இரும்பு நினைத்தபடி மூளைக்குள் நுழைந்துவிடாது; நடுவே காவல் இருக்கிறது.)

அல்சைமர் இருக்கிறதா என்று கண்டறிய க்யூ.எஸ்.எம். இன்னும் ஆஸ்பத்திரி வழக்கத்துக்கு வரவில்லை. இரும்பைப் பார்க்கும் பழைய கறுப்புப் படம்தான் அங்கே அன்றாடம் பயன்படுகிறது. லெகானெமாப் போன்ற அமிலாய்டு நீக்கி மருந்துகளால் மூளையில் நுண்ணிய கசிவுகள் வரலாம். கசிந்த ரத்தம் விட்டுப்போகும் இரும்பு, உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாக, மைப்பொட்டு போலக் கறுப்பாகத் தெரியும். மருந்தைத் தொடங்குமுன்னும், கொடுக்கும்போது இடையிடையேயும் டாக்டர்கள் அந்தப் பொட்டுகளை எண்ணுகிறார்கள்.