பூட்டுல ஓட்டைன்னு ஊருக்கே தெரிஞ்ச பிறகு

காரைக்குடில நான் பார்த்துக்கிற சர்வர்கள்ல ஒண்ணு ஒரு பலகாரக் கடையோடது. கைமுறுக்கு, சீப்புச்சீடை, மணகோலம், அதிரசம்னு சிங்கப்பூர் வரைக்கும் பார்சல் போகுது. ஆர்டர், விலாசம், போன் நம்பர், யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாமே போஸ்ட்கிரஸ்ங்கிற சாப்ட்வேர்ல ஓடுற ஒரு டேட்டாபேஸ்ல இருக்கு. தீபாவளி நெருங்குற சமயத்துல ஒருநாள் ராத்திரி அதை நிப்பாட்டி அப்டேட் போடணும்னு சொன்னேன், கடை ஆச்சிக்கு மனசே இல்ல.

"ஏந்தம்பி, நல்லா ஓடிக்கிட்டு இருக்கிறதை எதுக்கு நிப்பாட்டணுங்கிறீங்க? இன்னும் 12 நாள்தான் இருக்கு தீபாவளிக்கு."

"ஆச்சி, ஒரு நிமிஷம்கூட நிக்காது. ஆனா போடாம விட்டா அந்த 12 நாளும் கதவு ஒருச்சாத்தித்தான் இருக்கும்."

அவங்க கேட்டது நியாயமான கேள்வி, சாப்ட்வேர்ல வேலை பாக்குறவங்களே நிறைய பேர் இதைத்தான் கேக்குறாங்க, அதனால விளக்கமாவே எழுதுறேன்.

அப்டேட் போடுறதே பெரும்பாலும் பாதுகாப்புல இருக்கிற ஓட்டையை அடைக்கத்தான், அதனால முதல்ல ஓட்டைன்னா என்னன்னு பாக்கணும். எனக்குத் தெரிஞ்சு இதைப் புரிய வைக்க 2012ல மைஎஸ்க்யூஎல், மரியாடிபிங்கிற ரெண்டு டேட்டாபேஸ் சாப்ட்வேர்லயும் வெளிய வந்த ஒரு ஓட்டையை விட நல்ல உதாரணம் இல்ல. நீங்க பாஸ்வேர்டு குடுத்தா சர்வர் அதை அப்படியே ஒப்பிடாது, ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும், அதையும் பாஸ்வேர்டையும் கலந்து கணக்குப் போட்டு வர்ற 20 பைட்டை ரெண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாக்கும். ஒப்பிடுற வேலைக்கு சி மொழில ஒரு ஃபங்ஷன் இருக்கு, ரெண்டும் ஒண்ணா இருந்தா 0 குடுக்கும், வேறவேறயா இருந்தா 0 இல்லாத ஏதோ ஒரு எண்ணைக் குடுக்கும். அந்த எண் எவ்வளவு பெருசா இருக்கும்னு சி மொழி விதில எங்கயுமே சொல்லல. மைஎஸ்க்யூஎல் கோடு எழுதினவங்க அது சின்ன எண்ணாத்தான் வரும்னு நினைச்சு ஒரே ஒரு பைட்டுக்குள்ள அடைச்சுட்டாங்க. ஒரு பைட்டுல 256 மதிப்புதான் பிடிக்கும். விடை 256ன்னோ 512ன்னோ வந்தா மேல இருக்கிற பிட் எல்லாம் வெட்டுப்பட்டு மிச்சம் 0, அந்த 0க்கு சர்வர் எடுத்துக்கிற அர்த்தம் "பாஸ்வேர்டு சரி, உள்ள வா".

அப்போ எந்தத் தப்பான பாஸ்வேர்டா இருந்தாலும் கிட்டத்தட்ட 256ல ஒரு தடவை கதவு திறக்கும். 300 தடவை தட்டினா ஏறக்குறைய 70 சதவீத வாய்ப்பு, 1000 தடவை தட்டினா 98 சதவீதம், கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் சில நொடி வேலை. யூசர் பேர் மட்டும் தெரிஞ்சா போதும், எல்லா அதிகாரமும் இருக்கிற ரூட்னு ஒரு யூசர் பெரும்பாலும் எல்லா சர்வர்லயும் இருக்கும். இதுல இன்னொரு விசேஷம், ஒரே சோர்ஸ் கோடுதான், ஆனா எல்லா மெஷின்லயும் இந்த ஓட்டை இல்ல. வேகத்துக்காக அந்த ஒப்பிடுற ஃபங்ஷனை வேற மாதிரி எழுதியிருந்த லினக்ஸ்ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தோட சில பில்டுகள்ல மட்டும்தான் பெரிய எண் வந்துச்சு, மத்த இடத்துல எல்லாம் வருஷக்கணக்கா ஒரு பிரச்சினையும் தெரியாம ஓடிக்கிட்டு இருந்துச்சு. "எங்க சர்வர்ல இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல"ன்னு யாராவது சொல்றப்போ எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த ஓட்டைக்கான திருத்தம் ரொம்பச் சின்னது, வந்த விடையை 0வா இல்லையான்னு முதல்ல சோதிச்சுட்டு அப்புறம் திருப்பிக் குடுன்னு மாத்தினது, அவ்வளவுதான். ஓப்பன் சோர்ஸ்ல, அதாவது கோடை யார் வேணும்னாலும் படிக்கிற மாதிரி வெளிய வச்சிருக்கிற சாப்ட்வேர்ல, அந்தத் திருத்தம் எல்லார் கண்ணுக்கும் தெரியும், அதுதான் ஓப்பன் சோர்ஸோட பலமே, எத்தனையோ பேர் படிச்சுப் பாத்துத் திருத்துறதாலதான் நான் அதை நம்பி ஒரு கடையோட கணக்கை ஒப்படைக்கிறேன். ஆனா எந்த வரி மாறுச்சுன்னு நமக்குத் தெரியுற அதே நேரத்துல திருடனுக்கும் தெரியுது. பழைய கோடையும் புது கோடையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா, திருத்தின இடமே ஓட்டை எங்க இருந்துச்சுன்னு விரல் நீட்டிக் காட்டும். அதனால அப்டேட் வெளியான நிமிஷத்துல இருந்து, போடாத சர்வருக்கு முன்னைவிட ஆபத்து கூடிப்போகுது. அதுவரைக்கும் ஓட்டை இருக்குன்னு ரெண்டு மூணு பேருக்குத்தான் தெரியும், இப்ப ஊருக்கே தெரியும்.

இதை போஸ்ட்கிரஸ்காரங்க 2013ல எப்படிக் கையாண்டாங்கன்னு பாத்தா நல்லாப் புரியும். டேட்டாபேஸ் பேரைக் கேக்குற இடத்துல ஒரு சின்னக் கோடு, அதாவது மைனஸ் குறில ஆரம்பிக்கிற பேரை அனுப்பினா சர்வர் அதைத் தனக்கு வந்த கட்டளைன்னு நினைச்சுக்கும், லாகின் பண்ணாமலே சர்வரோட ஃபைல்களைக் கெடுக்க முடியும். அவ்வளவு மோசமான ஓட்டைங்கிறதால, வழக்கமா எல்லாரும் பாக்குற சோர்ஸ் கோடு களஞ்சியத்துக்குப் புது மாத்தம் போறதைக் கொஞ்சநாள் நிப்பாட்டினாங்க, ஒரு வாரம் முன்னாடியே "முக்கியமான அப்டேட் வருது, தயாரா இருங்க"ன்னு மட்டும் அறிவிச்சாங்க, ஏப்ரல் 4ஆம் தேதி எல்லாத்தையும் ஒண்ணா வெளியிட்டாங்க. அன்னிக்கே போட்டவங்க தப்பிச்சாங்க.

சாதாரணமா இந்த அவசரமெல்லாம் இருக்காது. போஸ்ட்கிரஸ்க்கு ஒரு நாள்காட்டியே இருக்கு, பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாசங்கள்ல ரெண்டாவது வியாழக்கிழமை சின்ன அப்டேட் வரும். நான் அதை காலண்டர்ல கார்த்திகை, பிரதோஷத்தோட சேத்துக் குறிச்சு வச்சிருக்கேன்.

சின்ன அப்டேட்னு சொன்னேன்ல, இங்கதான் பெரும்பாலானவங்க குழம்புறது. போஸ்ட்கிரஸ் வெர்ஷன் 17.2ல இருந்து 17.4க்குப் போறது சின்னது, 16ல இருந்து 17க்குப் போறது பெருசு. சின்னதுல டிஸ்க்ல டேட்டா எழுதி வச்சிருக்கிற முறை மாறாது, பழைய புரோகிராமை எடுத்துட்டு அதே டேட்டா மேல புது புரோகிராமை உக்கார வைக்கிறோம். பெருசுல உள்ள இருக்கிற அட்டவணைகளோட அமைப்பே மாறும், பழைய டேட்டா ஃபோல்டர் மேல புது சர்வரை ஸ்டார்ட் பண்ணினா அது கிளம்பவே மறுத்துடும், அதுக்குத் தனியா மாத்துற வேலை இருக்கு, அதுக்குத் திட்டம் போட்டு ஒரு நாள் ஒதுக்கணும். பெருசைப் பாத்துப் பயந்துபோய் சின்னதையும் சேத்துத் தள்ளிப்போடுறதுதான் நான் அதிகம் பாக்குற தப்பு. ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் 5 வருஷம்தான் இந்தச் சின்ன அப்டேட் வரும், போஸ்ட்கிரஸ் 12க்கு 2024 நவம்பரோட முடிஞ்சது. அதுக்கப்புறமும் அதுல ஓடுற டேட்டாபேஸ், பங்காளிங்க எல்லாம் வெளியூர்ல இருக்க வாட்ச்மேனும் இல்லாமப் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு மாதிரிதான்.

அடுத்தது, அப்டேட் இன்ஸ்டால் ஆனா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறது. லினக்ஸ்ல ஒரு புரோகிராம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே டிஸ்க்ல அதோட ஃபைலை மாத்தலாம், ஆனா ஓடுற புரோகிராம் மெமரில பழைய ஃபைலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும், அதை ரீஸ்டார்ட் பண்ற வரைக்கும் பழைய கோடுதான் ஓடும். கடைல தேன்குழலுக்கு அளவை மாத்தி நோட்டுல எழுதிட்டா, காலைல பிசைஞ்ச மாவு மாறிடுமா? டேட்டாபேஸ் பேக்கேஜைப் பொறுத்தவரை டெபியன், உபுண்டு மாதிரி லினக்ஸ் வகைகள்ல அதுவே வழக்கமா ரீஸ்டார்ட் பண்ணிடும், ஆனா டேட்டாபேஸ் சாஞ்சிருக்கிற லைப்ரரிகள், அதாவது பல புரோகிராம்கள் பொதுவா எடுத்துக்கிற கோடுத் தொகுப்புகள் இருக்கே, தகவலை மறைகுறியாக்குற ஓப்பன்எஸ்எஸ்எல் மாதிரி, அதை மட்டும் அப்டேட் பண்ணினா டேட்டாபேஸுக்குத் தானா தெரியாது. ஆத்தங்குடி பக்கம் ஒரு டைல்ஸ் பட்டறைல இப்படித்தான், டிஸ்க்ல எல்லாம் புதுசு, ஓடுற புரோகிராம் 4 மாசமா பழைய லைப்ரரியைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அந்த 4 மாசமும் எல்லாம் சரியா இருக்குன்னு நான் நிம்மதியா இருந்தேன். அதுல இருந்து வெர்ஷன் பாக்கணும்னா டிஸ்க்ல இருக்கிற கிளையண்டைக் கேக்குறதில்ல, ஓடுற சர்வருக்குள்ள போய் செலக்ட் வெர்ஷன்னு அதுகிட்டயே கேக்குறேன், டிஸ்க்ல அழிஞ்ச பழைய ஃபைலை எந்த புரோகிராம் இன்னும் பிடிச்சிருக்குன்னு தனியாவும் ஒரு தடவை தேடுறேன்.

நிப்பாட்டினா டேட்டா போயிடாதாங்கிறது ஆச்சியோட அடுத்த பயம். இதுக்கு பதில் அவங்க வீட்டுக்குள்ளயே இருந்துச்சு. பர்மா, மலேயான்னு போய் லேவாதேவி பண்ணின காலத்துல இருந்தே இந்தப் பக்கம் கணக்கு எழுதுற முறை இதுதான்: நடக்கிற வரவு செலவை நடந்த வரிசைல முதல்ல சிட்டைல எழுதுவாங்க, அப்புறம் நிதானமா உக்காந்து பேரேட்டுல அவங்கவங்க பேர்ல ஏத்துவாங்க. நடுவுல பாதி ஏத்தினப்போ விளக்கு அணைஞ்சாக்கூட சிட்டை இருக்கே, விட்ட இடத்துல இருந்து மறுபடி ஏத்திக்கலாம். போஸ்ட்கிரஸ் செய்யுறதும் இதேதான். ஒரு ஆர்டர் வந்தா முதல்ல லாக்ல எழுதி, அது டிஸ்க்ல பதிஞ்சது உறுதியானப்புறம்தான் "ஆர்டர் ஏத்துக்கிட்டாச்சு"ன்னு பதில் சொல்லும். டேபிள்ல உண்மையா எழுதுறது அப்புறம் மெதுவா நடக்கும். சிட்டைல இருக்கிறதெல்லாம் பேரேட்டுக்குப் போயாச்சுன்னு கோடு போடுறதுக்கு செக்பாயிண்ட்னு பேர், ஒண்ணும் மாத்தலைன்னா அதிகபட்சம் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை நடக்கும்.

நிப்பாட்டுன்னு சொன்னா சர்வர் முடியாம நடுவுல நிக்கிற வேலைகளை ரத்து பண்ணிட்டு, கடைசியா ஒரு செக்பாயிண்ட் போட்டுட்டு நிக்கும். நான் நிப்பாட்டுறதுக்கு முன்னாடி கையாலயே ஒரு செக்பாயிண்ட் போட்டுடுவேன், அப்போ கடைசில ஏத்த வேண்டியது கொஞ்சமா இருக்கும், சீக்கிரம் நிக்கும். பேக்கப் எடுக்காம மட்டும் இதுல இறங்குறதே இல்ல, எடுத்த பேக்கப்பை வேற மெஷின்ல திரும்ப ஏத்திப் பாக்காட்டி அது பேக்கப்பே இல்ல.

அப்டேட்டே எதையாவது உடைச்சா? உடைச்சிருக்கு, மறைக்க வேண்டியதில்ல. 2024 நவம்பர் 14ல வந்த 17.1ல உள்ள ஒரு அமைப்போட அளவு மாறிப்போய், பழசுக்காகக் கட்டின சில எக்ஸ்டென்ஷன்கள், அதாவது போஸ்ட்கிரஸோட சேத்து ஓடுற துணைப் புரோகிராம்கள், தடுமாறுற நிலைமை வந்துச்சு, சரியா ஒரு வாரத்துல 17.2 வந்து சரி பண்ணிச்சு. 2022 ஜூன்ல வந்த 14.4 இன்னொரு விதம், அதுக்கு முன்னாடி 14ல கட்டின சில இண்டெக்ஸ், அதாவது டேட்டாவைச் சீக்கிரம் தேட வச்சிருக்கிற அடுக்கு, கெட்டிருக்கலாம்ங்கிறதால அப்டேட் போட்டா மட்டும் போதாது, இண்டெக்ஸைத் திரும்பக் கட்டணும்னு குறிப்புல எழுதியிருந்தாங்க. அதனால வெளியீட்டுக் குறிப்பை முழுசாப் படிச்சு, ஒரு டெஸ்ட் மெஷின்ல ஒண்ணு ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டுப் போடுறதுதான் என் வழக்கம். ஒண்ணு ரெண்டு நாள்தான், மாசக்கணக்குல இல்ல.

டேட்டாபேஸை விட்டுட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தையே மாத்துறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எழுத்தை எந்த வரிசைல அடுக்கணும்ங்கிற விதி லினக்ஸ்ல ஜிலிப்சின்னு ஒரு லைப்ரரில இருக்கு, 2018ல வந்த 2.28ல அந்த வரிசை நிறைய மாறுச்சு. இண்டெக்ஸ்ங்கிறது வரிசையா அடுக்கின அகராதி மாதிரி, வரிசை விதி மாறி அடுக்கு மட்டும் பழசாவே இருந்தா, இருக்கிற வாடிக்கையாளர் பேரையே தேடினா இல்லைன்னு சொல்லும், ஒரே பேர் ரெண்டு தடவை பதியவும் விடும். எழுத்து சம்பந்தப்பட்ட இண்டெக்ஸ் எல்லாத்தையும் திரும்பக் கட்டுறதைத் தவிர வழியில்ல.

கடைக்கு வர்றேன். ராத்திரி 11:30க்கு வேலைல இறங்கினேன். முதல்ல நகலா ஓடுற ஸ்டாண்ட்பை சர்வருக்குப் போட்டேன், அது ஒழுங்கா எழுந்து மெயின் சர்வரோட ஒட்டிக்கிச்சு. அப்புறம் வெப்சைட்டுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவுல இருக்கிற பிஜிபவுன்சர்ல பாஸ் குடுத்தேன், அது உள்ள நடக்கிற வேலை முடியுறவரைக்கும் பொறுத்துட்டு, புதுசா வர்றவங்களைத் திருப்பி அனுப்பாம வாசத் திண்ணைல உக்கார வைக்கும். செக்பாயிண்ட், ஸ்டாப், புது புரோகிராம், ஸ்டார்ட், ரெஸ்யூம். எல்லாம் சேத்து 9 நொடி. மெமரில சேத்து வச்சிருந்த டேட்டா எல்லாம் காலியாயிட்டதால முதல் கொஞ்ச நேரம் பக்கம் மெதுவாத்தான் திறந்துச்சு, அது தானா சரியாகும்.

உள்ள போய் வெர்ஷன் கேட்டேன், புது நம்பரைச் சொல்லுச்சு. ஆச்சி போன்ல காத்துக்கிட்டு இருந்தாங்க. "முடிஞ்சதா தம்பி? எதுவும் விட்டுப்போச்சா?" ஆர்டர் பட்டியலைத் திறந்து பாத்தேன், அந்த 9 நொடிக்குள்ள சிங்கப்பூர்ல இருந்து 2 கிலோ மணகோலம் கேட்டு ஒருத்தர் பட்டனை அழுத்தியிருக்காரு, திண்ணைல காத்திருந்து ரெஸ்யூம் ஆனதும் முதல் ஆளா உள்ள வந்து பதிவாயிருந்துச்சு.