தலைமுடிக்குக் கலச் சிகிச்சை: காசு எந்தப் படியில் நின்றுபோகிறது?

"டொக்டர், ஜப்பானில ஸ்டெம் செல்லால முடி முளைக்க வைக்கினமாம். இங்க எப்ப வரும்?" கொழும்பில் முடிச் சிகிச்சை பார்க்கும் எங்களில் எவரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. கேட்பவரின் கைபேசியில் வட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொளி இருக்கும். பெரும்பாலும் கனடாவிலிருந்து மச்சான் அனுப்பியதாக இருக்கும். காணொளி சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பித்தான் காலி வீதி நெடுகக் காசு கைமாறுகிறது என்பதால், இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது.

மயிர்க்காலின் அடியில், சின்ன வெங்காயம்போலக் குமிழ்ந்த இடத்துக்குள், டெர்மல் பப்பில்லா என்ற சிறு கலத்திரள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் 'கலம்' என்று படித்ததுதான் விளம்பரத்துக்கு வரும்போது 'செல்' ஆகிவிடுகிறது; 'ஸ்டெம் செல்' என்றால் பிற கலங்களாக மாறக்கூடிய மூலக் கலம். முடி எவ்வளவு தடிப்பாக, எத்தனை ஆண்டு வளரவேண்டும் என்று சுற்றியுள்ள கலங்களுக்குச் சொல்வது இந்தத் திரள். பரம்பரை வழுக்கையில் டிஎச்டி என்ற ஆண் ஹோர்மோனால் இது சுருங்கச் சுருங்க, முடியும் நூலாகி, பிறகு பூனைமுடியாகிவிடும். பின்தலை மயிர்க்கால்கள் இந்த ஹோர்மோனுக்கு அவ்வளவாக மசிவதில்லை. அவற்றில் சிலவற்றை எடுத்து, கலத்தைப் பிரித்து, ஆய்வுகூடத்தில் பெருக்கி, மெலிந்த இடத்தில் ஊசியால் ஏற்றுவதுதான் கலச் சிகிச்சையின் எண்ணம். முடி நடுகையில் முன்னுக்கு 2,000 மயிர்க்கால் வைக்கப் பின்னுக்கு 2,000 எடுத்தேயாக வேண்டும். கலம் பெருகுமென்றால் அந்தக் கணக்கே மாறிவிடும். எல்லோருடைய ஆசையும் அங்கேதான்.

எண்ணம் புதிதல்ல. வளர்த்தெடுத்த பப்பில்லாக் கலங்களை எலியின் மீசை மயிர்க்காலில் வைத்து மயிர் வளரச் செய்ததை ஜஹோடா என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1984 இலேயே வெளியிட்டுவிட்டார்கள். நாற்பது ஆண்டு கழிந்தும் கடைக்கு வராததற்கு மருந்துக் கம்பனிகளின் சதி என்று ஒரு கதை உலாவுகிறது. சதிக்கு அவசியமே இல்லை. மனிதப் பப்பில்லாக் கலத்தைத் தட்டையான பாத்திரத்தில் வளர்த்தால், சில சுற்றுப் பெருக்கத்துக்குள் அது தன் தொழிலை மறந்துவிடுகிறது. கலம் உயிரோடு இருக்கும், பெருகும், ஆனால் 'முடி வளர்' என்ற கட்டளை வராது. 2013 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஏஞ்சலா கிறிஸ்டியானோவும் ஜஹோடாவும் அடங்கிய குழு, கலங்களைத் தொங்கும் துளிகளில் உருண்டையாகச் சேரவிட்டு வளர்த்தது. தட்டையாக வளர்த்தபோது குழம்பிய மரபணு இயக்கத்தில் 22 வீதம் பழைய நிலைக்கு வந்தது. அந்த உருண்டைகளை மனிதத் தோலுக்குள் வைத்து எலியின் முதுகில் ஒட்டியபோது, 7 கொடையாளரின் கலங்களில் 5 பேருடையவை மயிர் தந்தன. நல்ல அறிவியல்தான். ஆனால் 22 வீதம் திரும்பியது என்றால் மீதி இன்னும் திரும்பவில்லை என்றும் படிக்கவேண்டும்.

இனிக் காசுக்கு வருவோம்.

மான்செஸ்டரின் இன்டர்சைட்டெக்ஸ் கம்பனி தலைமுடிக் கலச் சிகிச்சையை மனிதரில் செய்யும் சோதனையின், அதாவது ட்ரயலின், இரண்டாம் கட்டம் வரை கொண்டுபோனது. 2009 இல் அதே கம்பனியின் இன்னொரு தயாரிப்பு, காற்புண்ணுக்கானது, மூன்றாம் கட்டத்தில் தோற்றது. கம்பனி சரிந்தது, முடி வேலையும் கூடவே போனது. அமெரிக்காவில் அடெரன்ஸ் ஆய்வு நிறுவனமும் இரண்டாம் கட்டம் வரை வந்தது. அதன் தாய்க் கம்பனி ஜப்பானின் பெரிய சவுரிமுடி வியாபாரி. 2013 இல் தாய்க் கம்பனி காசை நிறுத்த, ஆய்வுகூடத்துக்குப் பூட்டு விழுந்தது. கலிபோர்னியாவின் ஸ்டெம்சன் தெரப்யூடிக்ஸ், கலத்தை ஆரம்ப நிலைக்குத் திருப்பி மயிர்க்காலையே புதிதாகச் செய்வதாகக் கிளம்பியது. 2020 இல் 7.5 மில்லியன் டொலரும், அடுத்த ஆண்டு 15 மில்லியன் டொலரும் திரட்டியது. மனிதத் தலையில் ஒரு ட்ரயலைத் தொடங்கு முன்னரே கதவைச் சாத்தியது.

மூன்றில் ஒன்றுகூட மூன்றாம் கட்டத்தை எட்டவில்லை. முதற்கட்டம் சிலரில் பாதுகாப்பைப் பார்ப்பது. இரண்டாம் கட்டம் அளவையும் பலனையும் இன்னும் கொஞ்சம் கூடுதலானவர்களில் பார்ப்பது. இவற்றை ஒரு சிறு கம்பனி தாங்கும். மூன்றாம் கட்டத்துக்கு நூற்றுக்கணக்கானவர்களை ஓராண்டாவது தொடரவேண்டும். அங்கே முதலீட்டாளர் கேட்கும் கேள்வி இரக்கமில்லாதது: "இப்போதுள்ள மாத்திரையை இது வெல்லுமா?"

அந்த மாத்திரையின் கணக்கு எல்லோர் முன்னும் இருக்கிறது. பினாஸ்டெரைட் 1 மில்லிகிராமின் ட்ரயல்களில் 18 முதல் 41 வயது வரையான 1,553 ஆண்கள் இருந்தார்கள். உச்சந்தலையில் ஓர் அங்குல வட்டத்துக்குள் முடியை எண்ணினார்கள். தொடக்கத்தில் சராசரி 876. போலி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட, ஓராண்டில் 107 முடியும், ஈராண்டில் 138 முடியும் கூடுதலாக நின்றன. காப்புரிமை முடிந்துபோன, மலிவான மாத்திரை அது. அதற்கு எதிரே, ஆளுக்கு ஆள் தனியாகச் செய்யவேண்டிய ஊசி. காப்புறுதியும் வழுக்கைக்குக் காசு கொடுப்பதில்லை. முதலீட்டாளர் பின்வாங்குவதில் வியப்பு என்ன?

'ஆளுக்கு ஆள்' என்பதன் பாரத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கலாம். பின்தலையில் சில மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு தோல் துண்டு எடுக்கப்படும். நுணுக்குக்காட்டியின் கீழ் மயிர்க்கால் ஒவ்வொன்றின் அடியையும் கையால் வெட்டிப் பிரிப்பார்கள். பிறகு சில வாரம் வளர்ப்பு. முடிவில் கலங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று சாயம் போட்டு எண்ணுவார்கள். பொதுவாக 70 வீதத்துக்குக் குறைந்தால் அந்தத் தொகுதி கழிவு. கிருமி, மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பக்டீரியா, எண்டோடொக்சின் என்ற பக்டீரிய நச்சு மூன்றுக்கும் தனித்தனிச் சோதனை. கிருமிச் சோதனையின் வழமையான முறைக்கு 14 நாள் வேண்டும். ஆனால் உறையவைக்காத கலம் ஒரு சில நாளுக்கு மேல் தாங்காது. அறிக்கை வரும்வரை வைத்திருக்கவென்று திரவ நைதரசனில் உறையவைத்தால், உருக்கும்போது ஒரு பங்கு சாகும். இவ்வளவும் ஒரே ஒருவருக்கு. மாத்திரையில் ஒரு தொகுதியைச் சோதித்து இலட்சம் பேருக்கு விற்கலாம், இங்கே ஒவ்வொரு நோயாளியும் ஒரு தொகுதி. கலத்தை வெளிநாட்டில் வளர்த்துக் கொழும்புக்கு எடுப்பதென்றால், கட்டுநாயக்கவில் கடதாசி ஒன்று குறைந்து பெட்டி இரண்டு நாள் நின்றாலே போதும், எல்லாம் பாழ்.

அப்படியானால் ஜப்பான்? வன்கூவரின் ரெப்லிசெல் கம்பனியிடமிருந்து ஜப்பானிய அழகுசாதனக் கம்பனி ஷிசெய்டோ 2013 இல் உரிமம் வாங்கியது, 2014 இல் கோபே நகரில் கலம் வளர்க்கும் நிலையம் திறந்தது. மயிர்க்காலின் அடியைச் சுற்றியுள்ள உறையின் கலங்களை 50 ஆண்கள், 15 பெண்களில் ஏற்றிப் பார்த்த ஆய்வு 2020 இல் வெளிவந்தது. 6ஆம், 9ஆம் மாதங்களில் போலி ஊசி போட்ட இடத்தைவிட முடியடர்த்தி கூடியிருந்தது, பெரிய பக்கவிளைவும் இல்லை. அந்தக் கூடுதல் அளவானது. புள்ளிவிபரத்தில் தெரியும் வித்தியாசம் கண்ணாடியில் தெரியும் வித்தியாசமாக இருக்கவேண்டியதில்லை.

காணொளிகள் விட்டுவிடும் விடயம் இன்னொன்று. ஜப்பானில் 2014 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மீளுருவாக்க மருத்துவப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு சிகிச்சை நிலையம் தன் திட்டத்தை உரிய குழுவின் மதிப்பாய்வுக்குப் பிறகு அரசுக்குச் சமர்ப்பித்துவிட்டு, கலச் சிகிச்சையைக் கட்டணத்துக்குக் கொடுக்கலாம். மூன்றாம் கட்டத்தில் வென்றிருக்கவேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. அதனால் 'ஜப்பானில் கிடைக்கிறது' என்பதை 'நிரூபிக்கப்பட்டது' என்று மொழிபெயர்க்கக்கூடாது. அமெரிக்காவில் கதை வேறு. வளர்த்துப் பெருக்கிய கலம் அங்கே மருந்துக்குச் சமம், முழு ட்ரயலும் வேண்டும்.

இப்போது பெரிய காசு போகும் திசையும் இதைத்தான் சொல்கிறது. பெலேஜ் என்ற அமெரிக்கக் கம்பனி 2025 இல் 120 மில்லியன் டொலர் திரட்டியது. அதன் பிபி405 கலமல்ல, தலையில் பூசும் மருந்து. மயிர்க்காலில் ஏற்கெனவே உறங்கும் ஸ்டெம் செல்லை எழுப்புவது அதன் நோக்கம். 78 பேரின் ஆய்வில், முடி கூடுதலாக உதிர்ந்த ஆண்களில் 31 வீதத்தினருக்கு 8 வாரத்தில் அடர்த்தி 20 வீதத்துக்கு மேல் கூடியதாகக் கம்பனி அறிவித்தது. எட்டு வாரம் முடிக்கு மிகக் குறுகிய காலம் என்பதால் நாங்கள் இன்னும் கைதட்டவில்லை. ஆனால் போத்தலில் அடைத்து விற்கக்கூடிய பொருளுக்குக் காசு வருகிறது, ஆளுக்கொரு தொகுதியாகச் செய்யவேண்டியதற்கு வருவதில்லை. கலச் சிகிச்சை இங்கே எப்போது வரும் என்று கேட்டால், அடுத்த சில ஆண்டுகளில் வருமென்று திட்டம் போடாதீர்கள் என்பதே எங்கள் பதில்.

ஆனால் அந்தப் பெயரில் பல பொருட்கள் இப்போதே விற்கப்படுகின்றன. அதிகம் அடிபடுவது பிஆர்பி. கையிலிருந்து 10 முதல் 20 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, மையநீக்கியில் சுழற்றி, மேலே தேங்கும் சில மில்லிலீற்றரைத் தலையில் ஏற்றுவார்கள். சிலருக்கு ஓரளவு உதவுகிறது. ஆனால் அதிலுள்ள இரத்தச் சிறுதட்டுகளுக்குக் கருவே கிடையாது. ஒருவர் அதே ஊசியை 'ஸ்டெம் செல் பிஆர்பி' என்று கூடிய விலைக்குச் சொன்னால், ஏமாற்று பெயரிலேயே தொடங்கிவிட்டது. அடுத்தது எக்ஸோசோம், அதாவது கலங்கள் வெளிவிடும் நுண்ணிய பைகள். 2019 டிசெம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்டிஏ இதைப் பற்றிப் பொது எச்சரிக்கை விட்டது, அங்கே அங்கீகரிக்கப்பட்ட எக்ஸோசோம் தயாரிப்பு ஒன்றுகூட இல்லை என்றும் சொன்னது. குப்பியைக் கையில் வாங்கி லேபிளைப் படியுங்கள். 'அழகுசாதனம், வெளிப்பூச்சுக்கு' என்று அச்சடித்ததை ஊசியில் ஏற்றப்போகிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இலங்கையில் ஒரு மருந்தை மனிதரில் சோதிக்க, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி வேண்டும், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் வேண்டும். ஆகவே "எங்கட கிளினிக்கில ட்ரயலா செய்யிறம்" என்று சொல்பவரிடம் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் பதிவேட்டில் அது எஸ்எல்சிடிஆர் என்று தொடங்கி, ஆண்டும் இலக்கமும் வரும். யாரும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அமெரிக்கப் பதிவேட்டில் என்சிடி என்ற எழுத்துகளுக்குப் பின் எட்டு இலக்கம். இலக்கம் கிடைத்ததும் தலைப்பில் நின்றுவிடாமல், பங்கேற்பாளர் எத்தனை பேர், போலிச் சிகிச்சைக் குழு உண்டா, எத்தனை மாதம் தொடர்கிறார்கள், செலவு யாருடையது என்று பாருங்கள். 'நிலை தெரியாது' என்று அமெரிக்கப் பதிவேடு காட்டினால், நடத்துபவர்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் அதைப் புதுப்பிக்கவில்லை என்று பொருள். பதிவு என்பது அங்கீகாரம் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். காசு வாங்கிக்கொண்டு 'ஆய்வு' நடத்துபவர்களும் பதிவு செய்கிறார்கள். சோதனை ஊசிக்கு உங்களிடமே கட்டணம் கேட்டால் அதுவே போதிய எச்சரிக்கை. தகவல் பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் நீட்டி 'சைன் வையுங்கோ' என்றால் வைக்காதீர்கள். ஊசி போடுபவரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

நாங்கள் அதிகம் கவலைப்படுவது ஏமாற்றுக் கிளினிக்கைப் பற்றிக்கூட அல்ல, காத்திருப்பைப் பற்றி. 'புதுசு வரட்டும்' என்று இருக்கும் மருந்தையும் விட்டுவிடுபவர்கள், சுருங்கிக்கொண்டிருக்கும் மயிர்க்கால்களைக் கைவிடுகிறார்கள். நெடுங்காலம் வழவழப்பாகிப்போன இடத்தை மீட்பது எந்த முறைக்கும் கடினம். ட்ரயல்கள் பெரும்பாலும் தேடுவதும் முடி மெலிந்த தலையைத்தான், முற்றாக வழுக்கையான தலையை அல்ல. பினாஸ்டெரைட் கர்ப்பமாகக்கூடிய பெண்களுக்கு ஆகாது. மினொக்சிடில் என்ற பூச்சு மருந்தைப் போடத் தொடங்கிய முதல் வாரங்களில் உதிர்வு கூடும். அதைக் கண்டு பயந்து நிறுத்துபவர்கள் ஏராளம், நாலு மாதத்துக்கு முன் தீர்ப்புச் சொல்லக்கூடாது. கொழும்பு வெக்கையில் வியர்த்த தலையில் பூசினால் மருந்து நெற்றிக்கு வழியும், உலர்த்திவிட்டுப் பூசுங்கள்.

டெங்கு வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக உதிர்வது வழுக்கையே அல்ல. காய்ச்சலின் அதிர்ச்சியில் முடிகள் ஒன்றாக ஓய்வுக்குப் போனதன் விளைவு, பெரும்பாலும் தானே திரும்பும். இரும்புச் சத்தும் தைரொயிட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு ஸ்டெம் செல் ஊசி போட்டு, முடி தானாக வளர்ந்ததும் ஊசிக்குப் புகழ் போவது எங்கள் தொழிலின் பழைய வேடிக்கை.

எந்தச் சிகிச்சை எடுத்தாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுங்கள். உலர்ந்த தலை, நடு வகிடு, அதே யன்னல் வெளிச்சம், அதே தூரம், பிளாஷ் வேண்டாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் இலவசத் தோல் கிளினிக்குக்குப் போனாலும் தனியாரிடம் போனாலும் அந்தப் படங்களைக் கொண்டுபோங்கள். "கொஞ்சம் கொட்டுது டொக்டர்" என்பதைவிட அவை எங்களுக்கு அதிகம் சொல்லும்.