போர் தண்ணி உப்பு கரிச்சா கடல்தான் காரணமா?

தலைஞாயிறு பக்கத்துலேருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு: "அண்ணே, எங்க போர்ல தண்ணி உப்பு கரிக்குது, கடல் உள்ள வந்துடுச்சுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க, நெசமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

உப்பை மட்டும் அளந்து பிரயோஜனமில்ல தம்பி, அது எங்கேருந்து வேணா வரும். தண்ணியோட ஆக்சிஜனைப் பாக்கணும்.

ஆக்சிஜன்ல 16, 18னு ரெண்டு ஐசோடோப் (ஒரே தனிமம், அணுவோட எடை மட்டும் வேற) முக்கியம் (17ம் துளியூண்டு இருக்கு, விடுங்க). ஆயிரம் அணுவுல சுமார் ரெண்டுதான் 18. அது இருக்குற தண்ணி மூலக்கூறு கொஞ்சம் கனம், பக்கத்துல உள்ளதோட பிடிமானமும் கொஞ்சம் ஜாஸ்தி, அதனால ஆவியாகுறதுக்கு சோம்பேறி. கடல்லேருந்து கிளம்புற ஆவியில 18 சுமார் நூத்துக்கு ஒரு பங்கு குறைவு, அவ்ளோதான் வித்தியாசம்.

எனக்குப் பிடிச்ச இடமே இனிமேதான். களத்துல நெல்லு தூத்துறதைப் பாத்திருப்பீங்க, மணி காலடியிலயே விழுந்துடும், பதர் தள்ளிப் போய் விழும். மேகமும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனா இங்க எடை தாங்காம விழறது இல்ல, கனமான மூலக்கூறு ஆவியா இருக்கறதைவிட திரவமா இருக்கத்தான் விரும்பும், அதனால முதல் மழையில அதுதான் கூடுதலா இறங்கிடும். மிச்ச ஆவியில 18 இன்னும் குறையும், அதுலேருந்து அடுத்த மழை இன்னும் லேசு, அதுக்கடுத்தது அதைவிட லேசு. கடலுக்கு 0 வச்சு இதை அளக்கற அளவுக்கு டெல்டான்னே பேரு (நம்ம ஊர் பேரேதான்!), மழைக்குப் பெரும்பாலும் மைனஸ்ல வரும். 1952ல கோபன்ஹேகன்ல டான்ஸ்கார்டுன்னு ஒருத்தர் தோட்டத்துல பீர் பாட்டில் மேல புனலை வச்சு மழையைப் பிடிச்சு இதைப் பாத்தாரு, அப்புறம் கிரீன்லாந்து பனிக்கட்டியில பழைய காலத்துக் குளிரை அளக்குற வரைக்கும் போச்சு அந்த பாட்டில்!

நம்ம காவிரிக் கடைமடைக்கு இது ரொம்பத் தோது. வாய்க்கால் தண்ணி பெரும்பாலும் குடகுல பெய்ஞ்ச தென்மேற்குப் பருவமழை, அரபிக்கடலை விட்டு ஏறின உடனே மலையில கொட்டுனது. நம்ம ஐப்பசி மழை வங்கக்கடல் மேல பெய்ஞ்சு பெய்ஞ்சு வர்ற ஆவி, அதனால இன்னும் லேசு. போதாததுக்கு ஆத்துத் தண்ணி மேட்டூர்ல நின்னு வெயில் வேற காயுது, அதுல 18 இன்னும் கொஞ்சம் கூடிடும். ஆக, உங்க போருக்கு ஊறினது ஆறா மழையான்னு ஓரளவு சொல்லிடலாம்.

இப்ப உப்புக்கு வருவோம். கடல் தண்ணி கலந்திருந்தா உப்பு ஏற ஏற டெல்டாவும் 0வை நோக்கி ஏறும். களிமண்ணுல கிடந்த பழைய உப்பு கரைஞ்சிருந்தா உப்பு மட்டும் ஏறும், டெல்டா அசையாது. குளமோ இறால் குட்டையோ வெயில்ல சுண்டி ஊறியிருந்தா டியூட்டிரியம் (தண்ணியில உள்ள கனமான ஹைட்ரஜன்) காட்டிக் கொடுத்துடும்: மழைத் தண்ணியில ஆக்சிஜன் டெல்டா 1 ஏறினா டியூட்டிரியம் டெல்டா 8 ஏறும், சுண்டின தண்ணியில சுமார் 5தான்.

தேங்காயை உள்ளங்கையில வச்சு நீரோட்டம் பாக்குறவரைக் கூப்பிட்டீங்களாம். வண்டல் மண்ணு, காவிரி டெல்டால எங்க தோண்டுனாலும் தண்ணி வரும், அவரு எப்படித் தோப்பாரு? நல்ல தண்ணியா உப்பான்னு தேங்காய் சொல்லாதே. அதுக்குக் கொடுக்குற காசெல்லாம் சேத்தா மாவட்டத்துக்கு ஒரு லேசர் ஐசோடோப் மெஷின் வாங்கிடலாம்னு எனக்குத் தோணும், அரசாங்கமும் ஆராய்ச்சிக்குக் கிள்ளித்தான் கொடுக்குது.

சாம்பிள் எடுக்கறதுன்னா போர், வாய்க்கால், கடல், ஐப்பசி மழைன்னு நாலு பாட்டில் போதும். போரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிங்க. காத்துக் குமிழி ஒண்ணு கூட இல்லாம தளும்பத் தளும்ப நிரப்பி மூடியை நல்லா இறுக்கிடுங்க. நான் ஒரு தடவை மழைத் தண்ணியை லூசா மூடி ஜன்னல்ல வச்சுட்டேன், ஒரு வாரத்துல அது குளத்துத் தண்ணி மாதிரி ரீடிங் காட்டுச்சு.