துருப்பிடித்த தண்டவாளத்தில் ரயில் வராது என்று யார் சொன்னது?

அமெரிக்காவில் ஒரு சின்ன சரக்கு ரயில் கம்பெனியில் எனக்கு வேலை. தண்டவாளத்தில் போட்டோ எடுப்பவர்களைப் பார்ப்பது இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. போன சனிக்கிழமை காலை ஹை-ரயில் வண்டியில், அதாவது தண்டவாளத்திலும் ஓடுகிற மாதிரி இரும்புச் சக்கரம் மாட்டிய பிக்கப்பில், பாதையைச் சோதித்துக்கொண்டே வருகிறேன். வளைவு திரும்பினால் தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு கேமரா ஸ்டாண்ட். அதற்கு முன்னால் கட்டை மேல் பட்டுப்பாவாடையோடு ஒரு வயதுக் குழந்தை, பக்கத்தில் அம்மா, அப்பா, ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா. பிறந்தநாள் போட்டோவாம். தமிழ்க் குரல் காதில் விழுந்ததும் கோபம் இரண்டு மடங்கு ஆனது.

"அண்ணா, இது யூஸ்ல இல்லாத டிராக்தானே?" என்றார் அப்பா. சொன்னதோடு நிற்காமல் தண்டவாளத்தின் மேல்பக்கத்தை ஒரு விரலால் தேய்த்துக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் துரு ஒட்டியிருந்தது. தீர்ப்பே சொல்லிவிட்ட முகம்.

சரி, அந்தத் துருவைப் பற்றியே பேசுவோம். இரும்பு ஒரே மழைக்குத் துருப்பிடிக்கும். எங்கள் பாதையில் வாரத்துக்கு இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள் வண்டி ஓடும். நடுவில் ஒரு மழை பெய்தால் போதும், பத்து வருஷமாக யாரும் தொடாதது போல ஆகிவிடும். கட்டைகளுக்கு நடுவில் புல் வேறு. புல் வெட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். காலையில் எஞ்சின் ஓட்டுகிறவரே மதியம் போல்ட் முறுக்குகிற கம்பெனி இது.

உங்களுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. கேட்டில் மணி அடிக்க வேண்டுமானால், வண்டியின் சக்கரமும் அச்சும் சேர்ந்து இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே மின் இணைப்பை உண்டாக்க வேண்டும். இடையில் துருப் படலம் இருந்தால் அந்த இணைப்பு ஒழுங்காகக் கிடைக்காது. வண்டி வந்தும் விளக்கு எரியாமல் போகலாம். அதனால்தான் சில கிராசிங்குகளில் எங்கள் ஆட்கள் வண்டியை நிறுத்தி, கண்டக்டர் கீழே இறங்கி, கொடி காட்டி, கார்களை நிறுத்திவிட்டுத்தான் கடக்கிறார்கள். அவரைப் பார்த்து ஹாரன் அடிக்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். (இங்கே கூட்ஸ் வண்டியிலும் கண்டக்டர் உண்டு, டிக்கெட் கிழிப்பவர் அல்ல.) ஆக, ரயில் வராது என்பதற்கு நீங்கள் சாட்சியாகக் காட்டுகிற அதே துருதான், வந்தால் உங்களை எச்சரிக்க வேண்டிய மணியையும் ஊமையாக்குகிறது.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட சிறு ரயில் கம்பெனிகள் சுமார் 600 இருக்கின்றன. 1980இல் ரயில் கம்பெனிகள் மேல் இருந்த அரசுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய ஸ்டாகர்ஸ் சட்டம் வந்த பிறகு, பெரிய கம்பெனிகள் லாபமில்லாத கிளைப் பாதைகளைக் கழித்துக் கட்டின. அவற்றைச் சின்ன ஆட்கள் வாங்கி ஓட்டினார்கள். அதற்கு முன்பே இருந்தவையும் உண்டு. எங்கள் மேற்கு நியூயார்க்கிலேயே ஜெனெசீ அண்ட் வயோமிங் 1899இல் ஆரம்பித்தது, ரெட்சாஃப் ஊரின் உப்புச் சுரங்கத்துக்காகப் போட்ட 14 மைல் பாதை. 1994இல் அந்தச் சுரங்கம் இடிந்து, தண்ணீர் புகுந்து பாழானது. கம்பெனி பாழாகவில்லை, இன்று அதன் கையில் நூற்றுக்கும் மேற்பட்ட ரயில் பாதைகள். ஒரு பாதையைச் சட்டப்படி கைவிட வாஷிங்டனில் ரயில் பாதைகளைக் கவனிக்கிற அரசு வாரியத்தின் அனுமதி வேண்டும். நீங்கள் விரலால் தேய்த்து முடிவு செய்ய முடியாது.

"வந்தா சத்தம் கேக்குமே" என்பது அடுத்தது. பல நேரம் நாங்கள் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுதான் வருகிறோம். எஞ்சின் பத்துப் பெட்டி தள்ளி இருக்கும், உங்களை நோக்கி வருவது சத்தமில்லாமல் உருளும் உப்புப் பெட்டி. இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம் என்று ஹாரன் அடிப்பது சாலை கடக்கும் இடத்துக்குத்தான். நடுக்காட்டில் போட்டோ எடுக்கிறவர்களுக்காக யாரும் அடித்துக்கொண்டு வர மாட்டார்கள். மணிக்கு 10 மைல்தானே என்பீர்கள். சரக்கு ஏற்றிய ஒரு பெட்டியே 130 டன் வரை இருக்கும். பத்துப் பெட்டி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் தண்டவாளத்தில் போட்டோ வேண்டாம், நடையும் வேண்டாம். ஓரமாக நின்றாலும் போதாது, பெட்டி தண்டவாளத்தைத் தாண்டி மூன்று அடியாவது வெளியே நீட்டிக்கொண்டு வரும். நிற்கிற பெட்டிகளுக்கு அடியில் தயவுசெய்து குனிந்து போகாதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அந்தக் கோடியில் எஞ்சின் வந்து கோத்தால் இந்தக் கோடி வரைக்கும் குலுங்கும், யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். கார் கிராசிங்கில் மாட்டிக்கொண்டால் காரை விட்டு இறங்குங்கள், எல்லோரும். தண்டவாளத்தை விட்டு விலகி, ரயில் வருகிற திசைப் பக்கமாகச் சாய்வாக நடங்கள். எதிர்ப்பக்கம் ஓடினால் மோதித் தெறிக்கும் கார் துண்டுகள் உங்கள் மேலேயே விழும். அப்புறம் கிராசிங்கில் இருக்கிற சின்ன நீலப் பலகையைப் பாருங்கள். போன் நம்பரும் அந்த இடத்தின் அடையாள எண்ணும் அதில் இருக்கும். முதலில் அதற்கு அடியுங்கள், அந்தப் பாதையில் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டிய ஆளுக்குத் தகவல் போகும்.

இதில் பாதியைத்தான் அன்று அந்தக் குடும்பத்துக்குச் சொன்னேன். அப்பா, "நெக்ஸ்ட் டைம் பாத்துக்கறோம்ணா, இன்னும் ரெண்டே ரெண்டு ஷாட்" என்றார். தாத்தா மட்டும் என்னிடம் வந்து, "தம்பி, அப்ப வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"எனக்கே தெரியாதுங்கய்யா. பெரிய கம்பெனிக்காரன் ராத்திரி எத்தனை பெட்டி விட்டுட்டுப் போறான்னு பாத்துத்தான் காலைல முடிவு பண்ணுவோம்" என்றேன்.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. குனிந்து பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, காரைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.