ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி அந்த ஸ்ட்ரிப்பை ஒரு தடவை திருப்பிப் பாருங்க

பார்மஸி கவுண்டர்ல நிக்கிறவங்களுக்கு வெளிநாட்டு வேலைக்கு கிளம்புறவங்களை பார்த்ததுமே தெரிஞ்சிடும். விசா வந்து டிக்கெட்டும் கைக்கு வந்த அப்புறம், கடைசி ரெண்டு மூணு நாள்ல ஒரு நீளமான மருந்து லிஸ்ட்டோட வருவாங்க, அதுல பாதி "எதுக்கும் இருக்கட்டும்" ரகம். எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், எத்தனை மாசத்துக்கு எடுத்துட்டு போலாம்? நல்ல கேள்விதான், ஆனா அது ரெண்டாவதா கேக்க வேண்டியது. மொதல்ல கேக்க வேண்டியது இந்த மாத்திரைக்குள்ள என்ன இருக்கு, நான் போற நாட்டுல அதுக்கு மருந்துன்னு பேரா இல்ல போதைப்பொருள்னு பேரா.

இப்படித்தான் கல்ஃப் பக்கம் வேலைக்கு கிளம்பின ஒரு தம்பி, கால் எரிச்சலுக்கு டாக்டர் எழுதின மாத்திரையை ஆறு மாசத்துக்கு மொத்தமா கேட்டார். "சார், அது வெறும் நரம்பு விட்டமின்தான, அதுக்கு என்ன பிரச்சனை"ன்னாரு. ஸ்ட்ரிப்பை திருப்பி அவர் கையிலயே குடுத்து பின்னாடி இருக்குற பொடி எழுத்தை படிக்க சொன்னேன். மெத்தில்கோபாலமின், அது விட்டமின் பி12, சரி. ஆனா அதுக்கு பக்கத்துலயே பிரிகாபலின் 75 மி.கி. பிரிகாபலின் அமீரகம், சவுதி ரெண்டுலயும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, முன்அனுமதி இல்லாம கொண்டுபோனா ஏர்ப்போர்ட்லயே மாட்டிக்கலாம். பிரிட்டன்ல கூட 2019 ஏப்ரல்ல இருந்து அது கன்ட்ரோல்டு லிஸ்ட்ல இருக்கு. சாப்பிடுறவர் அதை விட்டமின்னு நம்பிட்டு இருக்கார், கஸ்டம்ஸ்ல இருக்குறவருக்கு அந்த நம்பிக்கையெல்லாம் தேவையே இல்ல.

இதே மாதிரி இன்னொண்ணு பாராசிட்டமாலோட டிரமடால்ங்கிற அபின் வகை வலி மருந்து கலந்த மாத்திரை. பாக்க சாதாரண வலி மாத்திரை மாதிரியே இருக்கும், பல்லு புடுங்குனப்போ எழுதிக் குடுத்த மிச்சம் வீட்டு டப்பால கிடக்கும், அப்படியே பைக்குள்ள போயிடும். 2017-ல எகிப்துக்கு போன ஒரு பிரிட்டன் பெண்மணிகிட்ட 290 டிரமடால் மாத்திரை இருந்துச்சுன்னு புடிச்சு மூணு வருஷம் ஜெயில் தண்டனை குடுத்தாங்க. அவங்க ஊர்ல டாக்டர் சீட்டு இருந்தா வாங்கலாம், போன ஊர்ல அது தடை. தெரியாதுன்னு சொன்னது எடுபடல.

அதனால தனியா எடுத்து வெச்சு செக் பண்ண வேண்டியது இதெல்லாம்: கோடீன் இருக்குற இருமல் சிரப், டிரமடால், பிரிகாபலின், தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் குடுக்குற அல்பிரசோலம், குளோனசிபம், டயசிபம், சோல்பிடெம், கவனக்குறைவு பிரச்சனைக்கு குடுக்குற மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெடமின் வகைகள், அப்புறம் மூக்கடைப்புக்கு குடுக்குற சூடோஎஃபெட்ரின். கடைசியா சொன்னதை யாருமே சந்தேகப்பட மாட்டாங்க, சளி மாத்திரைதானேன்னு. ஜப்பான்ல 10 சதவீதத்துக்கு மேல சூடோஎஃபெட்ரின் இருக்குற மருந்தை கொண்டுபோகவே முடியாது, ஆம்ஃபெடமின் டாக்டர் சீட்டு இருந்தாலும் முடியாது. கஞ்சா செடியில இருந்து எடுக்குற சிபிடி ஆயில் ஒரு நாட்டுல சூப்பர்மார்க்கெட் சாமான், இன்னொரு நாட்டுல ஜெயில், அதை வீட்லயே விட்டுட்டு போங்க.

எங்க செக் பண்றதுன்னா, போற நாட்டோட சுகாதார அமைச்சகம் இல்லேன்னா தூதரகத்தோட வெப்சைட். ஐநாவோட சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியமும் பயணிகளுக்கான விதிகளை நாடு வாரியா போட்டு வெச்சிருக்கு. அமீரகம், சவுதி ரெண்டுக்கும் இந்த வகை மருந்துக்கு ஆன்லைன்லயே முன்அனுமதி வாங்கலாம். தெரிஞ்சவர் ஒருத்தர் கொண்டுபோனாரு ஒண்ணும் ஆகலன்னு சொல்றதை தயவுசெஞ்சு கணக்குல எடுக்காதீங்க, அவர் பையை கஸ்டம்ஸ்ல திறந்து பாக்கல, அவ்வளவுதான்.

இப்ப அந்த எத்தனை மாசம் கேள்விக்கு வரலாம். சாதாரண மருந்துன்னா, அதாவது பிரஷர், சுகர், தைராய்டு, கொலஸ்ட்ரால் இதுக்கெல்லாம், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ரெண்டுலயும் சொந்த உபயோகத்துக்கு 3 மாச அளவு வரைக்கும் விடுறாங்க, அமெரிக்காவுலயும் பொதுவா 90 நாள் கணக்குதான். ஜப்பான் மட்டும் கறார், டாக்டர் சீட்டு மருந்து 1 மாசத்துக்கு, சீட்டு இல்லாம வாங்குறது 2 மாசத்துக்கு, அதுக்கு மேலன்னா யுன்யூ ககுனின்ஷோன்னு ஒரு இறக்குமதி சான்றிதழை கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கிக்கணும். ஒரு வருஷத்துக்கு மொத்தமா அள்ளிட்டு போறது எனக்கு எந்த விதத்துலயும் பிடிக்காது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு வருஷம் டெஸ்ட் எடுக்காம பழைய டோஸையே முழுங்கிட்டு இருப்பீங்க, அதுதான் பெரிய ஆபத்து. போன உடனே இன்சூரன்ஸ் கார்டு ஆக்டிவ் ஆகாது, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வாரக்கணக்குல ஆகும், அந்த இடைவெளியை தாண்டத்தான் இந்த ரெண்டு மூணு மாச ஸ்டாக். ஸ்டாக் தீர்ற வாரத்துல ஓடாதீங்க, போன மொத வாரமே டாக்டர்கிட்ட பதிவு பண்ணி வெச்சிடுங்க.

மிச்சத்தை அப்புறமா கூரியர்ல அனுப்ப சொல்லிக்கலாம்னு ஒரு ஐடியா எல்லாருக்கும் இருக்கு. நிறைய நாட்டுல கையில கொண்டுபோறதுக்கு இருக்குற சலுகை பார்சலுக்கு கிடையாது. 2015-ல ஜப்பான்ல ஒரு பெரிய கார் கம்பெனியில உயர் பதவிக்கு போன அமெரிக்கப் பெண் அதிகாரி, தனக்கு பார்சல்ல வந்த ஆக்ஸிகோடோன் வலி மாத்திரைக்காக கைதானாங்க. வழக்கு போடாம விட்டுட்டாங்க, ஆனா அதுக்குள்ள பதவியை ராஜினாமா பண்ண வேண்டியதா போச்சு. அவ்வளவு பெரிய கம்பெனி பின்னாடி இருந்தவங்களுக்கே அந்த கதி.

அடுத்தவங்க குடுத்துவிடுற பொட்டலம் பத்தி நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, இருந்தாலும் சொல்றேன். "அங்க எங்க மச்சானுக்கு இந்த மாத்திரையை மட்டும் குடுத்துடு தம்பி"ன்னு கேட்டா, அவங்க பேர் போட்ட சீட்டு இருந்தா கூட வேண்டாம். பெட்டி உங்க பேர்ல இருக்கு, சொந்த உபயோகம்னு குடுக்குற சலுகையும் உங்களுக்கு மட்டும்தான். உறவு கொஞ்சம் கசந்தாலும் பரவாயில்ல.

டாக்டர் லெட்டர் வாங்குறப்போ பிராண்ட் பேர் மட்டும் எழுதி வாங்காதீங்க, ஜெனரிக் பேர் (அதாவது உள்ள இருக்குற மருந்தோட பேர்), மி.கி. அளவு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எதுக்காக, இது நாலும் இருக்கணும், உங்க பேர் பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கணும். பிராண்ட் பேர் எல்லை தாண்டினா செல்லாது, சில சமயம் அதே பேர்ல வேற மருந்தே இருக்கும். ஃப்ளோமேக்ஸ்னு ஒரு பேர், அமெரிக்காவுல அது புரோஸ்டேட்டுக்கு குடுக்குற டாம்சுலோசின், இத்தாலியில அதே பேர்ல வித்தது மோர்னிஃப்ளுமேட்ங்கிற வீக்க மருந்து. நேர்மாறாவும் நடக்கும், பாராசிட்டமால்னு கேட்டா அமெரிக்காவுல முழிப்பாங்க, அங்க அதுக்கு பேரு அசெட்டமினோஃபென். ரெண்டும் வேற வேறன்னு நினைச்சு கையில இருக்குறது ஒண்ணு, அங்க வாங்குன சளி மருந்து ஒண்ணுன்னு சேத்து போட்டுக்கிட்டா நாள் அளவு தாண்டி கல்லீரலுக்கு வினை. வீசிங்குக்கு அடிக்கிற சால்புட்டமால் இன்ஹேலரும் அங்க அல்பூட்டரால்.

ஸ்ட்ரிப்பை அட்டைப்பெட்டியோட வெச்சுக்கோங்க. இடம் அடைக்குதுன்னு எல்லா மாத்திரையையும் பிரிச்சு ஒரே டப்பால கொட்டிட்டு போறவங்க இருக்காங்க, வெள்ளை கலர்ல வட்டமா இருக்குற மாத்திரையை பாத்து எந்த ஆபீசருக்கும் எதுவும் புரியாது, ரெண்டு மாசம் கழிச்சு உங்களுக்கே புரியாது. ஸ்ட்ரிப்பை வெட்டுறதா இருந்தா எக்ஸ்பைரி அடிச்சிருக்குற முனையை விட்டுட்டு எதிர் முனையில இருந்து வெட்டுங்க, கடைசி மாத்திரை வரைக்கும் தேதி கூடவே இருக்கும்.

தினமும் போடுற மருந்து முழுக்க கேபின் பைக்குள்ள. செக்-இன் பெட்டி தொலைஞ்சாலும் லேட்டா வந்தாலும் மருந்து விட்டுப்போக கூடாதுல்ல. இன்சுலினுக்கு இது இன்னும் முக்கியம், கார்கோல உறைஞ்சு போக வாய்ப்பு இருக்கு, உறைஞ்ச இன்சுலின் திரும்ப உருகி தெளிவா தெரிஞ்சாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். ஐஸ் பேக் மேல நேரா வெக்காம துணி சுத்தி வைங்க. பிரிக்காத இன்சுலின் 2-ல இருந்து 8 டிகிரி, உபயோகத்துல இருக்குற இன்சுலின் பேனா பெரும்பாலும் 4 வாரம் வரைக்கும் ஃப்ரிட்ஜ் இல்லாம தாங்கும், ஆனா 30 டிகிரி தாண்டக் கூடாது.

இன்சுலின்னு வந்துட்டதால இதை கொஞ்சம் நிறுத்தி படிங்க. குப்பியில இருந்து ஊசில எடுத்து போடுறவங்களுக்கு யூ-40, யூ-100ன்னு ரெண்டு ரகம் இருக்கு. யூ-40ல 1 மில்லிக்கு 40 யூனிட், யூ-100ல 1 மில்லிக்கு 100 யூனிட், ஊசியும் அதுக்கு தகுந்த மாதிரிதான் கோடு போட்டிருக்கும். யூ-40 இன்னும் புழக்கத்துல இருக்குற நாட்டுல இருந்து ஊசி பாக்கெட்டை கொண்டுபோய், மருந்து தீர்ந்ததும் அங்க கிடைக்கிற யூ-100 குப்பியை வாங்கி அதே ஊசில 20 கோடு வரைக்கும் இழுத்தா, உள்ள போறது 20 யூனிட் இல்ல, 50. ரெண்டரை மடங்கு. சுகர் விழுந்து மயங்கி கிடந்தா தனியா தங்கியிருக்குற ரூம்ல யார் பாப்பா? குப்பி மாறுனா ஊசியும் மாறணும், இல்ல கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசி பேனாவுக்கு மாறிக்கோங்க, என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் நல்லது. குளுக்கோமீட்டரும் அப்படித்தான், அதுக்கான டெஸ்ட் ஸ்ட்ரிப் அங்க கிடைக்காம புது மெஷின் வாங்கினா அது மில்லிமோல் கணக்குல 10-னு காட்டலாம், நமக்கு பழக்கப்பட்ட மி.கி. கணக்குக்கு 18-ஆல பெருக்குங்க, 180.

ஆன்டிபயாடிக்கை "அங்க சீட்டு இல்லாம தர மாட்டாங்க"ன்னு ரெண்டு கோர்ஸ் கேக்குறாங்க. தர மாட்டாங்கங்கிறது நல்லதுக்குத்தான், வைரஸ் காய்ச்சலுக்கு அது வேலையும் செய்யாது, நானும் தர்றதில்ல. அதுக்கு பதிலா பாராசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட், செட்டிரிசின், பேண்டேஜ் இது போதும் மொத வாரத்தை ஓட்டுறதுக்கு. லேபிள் இல்லாத நாட்டு மருந்து பொடி, சூரணம் பாட்டிலை மட்டும் எடுத்துட்டு போகாதீங்க, அது என்னன்னு கேட்டா உங்களால நிரூபிக்கவே முடியாது, பஸ்பம், செந்தூரம் வகையில பாதரசம், ஈயம் மாதிரி உலோகம் இருக்க வாய்ப்பு இருக்குறதால அது தனி தலைவலி.

டாய்லெட்ரீஸ் பக்கம் வந்தா ஷாம்பு, சோப்பு, பேஸ்ட் இதையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துட்டு போய் லக்கேஜ் வெயிட்டை தின்னுடாதீங்க, ரெண்டு வாரத்துக்கு இருந்தா போதும், பல்லு தேய்க்காத நாடுன்னு ஒண்ணு இல்ல. எடுத்துட்டு போக வேண்டியது உங்க தோலுக்கு டாக்டர் எழுதினது, பழக்கப்பட்ட பிராண்ட் நாப்கின் கொஞ்சம், எக்ஸ்ட்ரா கண்ணாடி ஒண்ணு, அதோட பவர் சீட்டு.

விட்டுட்டு போக வேண்டியது அந்த வெள்ளையாக்குற கிரீம். டியூப்ல பின்னாடி பாருங்க, குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன்னு ஏதாவது ஸ்டீராய்டு இருந்தா அது டாக்டர் பாத்து தர வேண்டிய மருந்து, மாசக்கணக்குல மூஞ்சில போட்டா தோல் மெலிஞ்சு ரத்தக்குழாய் தெரிய ஆரம்பிக்கும். ஹைட்ரோகுவினோன் இருக்குற கிரீமை ஐரோப்பிய யூனியன்ல அழகு சாதனமா விக்க 2001-லயே தடை போட்டாச்சு. உள்ள என்ன இருக்குன்னே போடாத டப்பால பாதரசம் கூட இருக்கலாம்.

கேபின்ல லிக்விட் விதி 100 மில்லிங்கிறது பாட்டிலோட அளவு, உள்ள இருக்குறதோட அளவு இல்ல, 200 மில்லி பாட்டில்ல அடியில கொஞ்சம் இருந்தாலும் பல ஏர்ப்போர்ட்ல தூக்கி குப்பையில போட்டுடுவாங்க. மருந்து சிரப்புக்கு இதுல விலக்கு உண்டு, ஆனா செக்யூரிட்டில நீங்களே எடுத்து காட்டணும். டியோ, ஹேர் ஸ்பிரே எல்லாம் செக்-இன்ல போலாம், ஒரு கேன் 500 மில்லி, எல்லாம் சேத்து 2 லிட்டர், அதுக்கு மேல கூடாது, மூடியும் இறுக்கமா இருக்கணும். பாட்டில்ல காத்து இல்லாம கொஞ்சம் அமுக்கிட்டு மூடி, மூடிக்கு அடியில ஒரு துண்டு பிளாஸ்டிக் ஷீட் வெச்சா மேல போறப்போ அழுத்தம் குறைஞ்சாலும் ஒழுகாது. பாதரச தெர்மாமீட்டர் கேபின்ல கூடாது, அதை விட்டுட்டு டிஜிட்டல் ஒண்ணு வாங்கிக்கோங்க. டிரிம்மர் சார்ஜர்ல 100-240 வோல்ட்னு போட்டிருந்தா எங்கயும் ஓடும், ஹேர் டிரையர் பெரும்பாலும் ஒரே வோல்டேஜ்தான், ஜப்பான்ல 100, அமெரிக்காவுல 120, அதனால அதை அங்க போய் வாங்கிக்கலாம்.