குச்சி கொடுக்கும் முன் இலையைப் பாருங்கள்

சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக்குக் குச்சிக்கிழங்கு என்றுதான் பேர். தை, மாசியில் பிடுங்கினால் கிழங்கு லாரி ஏறி, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போய்விடும்; அடுத்த நடவுக்கு விதையாகிற குச்சி ஊரிலேயே தங்கும். வேப்பமர நிழலில் கட்டுக்கட்டாகச் சாத்தி வைத்திருப்பார்கள். மச்சான் வந்து நாலு கட்டு எடுத்துப் போவார், பக்கத்துக் காட்டுக்காரர் இரண்டு கட்டு, சம்பந்தி வீட்டுக்கு மினி ஆட்டோவில் இருபது கட்டு. சொந்தத்துக்குள் குச்சிக்குக் காசு கேட்பது மரியாதையில்லை. இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் நம் மாவட்டங்களில் இந்தப் பயிரைப் பெருக்கியது. தேமல் நோயும் இதே வழியில்தான் ஊர் ஊராகப் போகிறது. தோட்டக்கலை விரிவாக்கப் பணியில் இருபது வருடத்துக்கு மேலாகக் காடு காடாக நடந்து பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் ஒருவர் காட்டில் கிழங்கு அருமையாக விளைந்திருந்தது. ஒரு செடியைப் பிடுங்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஆலையில் மாவுச்சத்தை அளந்து போடும் பாயிண்ட்டும் நன்றாக நின்றது. "குச்சி எடுப்பதென்றால் இவர் காட்டில் எடுங்கள்" என்று ஊரில் நானே சொன்னேன். பதினோரு குடும்பம் எடுத்துப்போய் நட்டார்கள். ஒரு மாதத்திலேயே, விரிந்த முதல் இலைகளே மஞ்சள் திட்டுகளோடு ஒரு பக்கம் கோணி வந்தன. காட்டுக்குக் காடு அதே கதை. அந்த வருடம் அவர்கள் இழந்ததை நான் எந்த வகையிலும் ஈடுசெய்ய முடியவில்லை.

நல்லா விளைந்த காட்டுக் குச்சி எப்படி நோயைக் கொண்டுபோனது என்று பிறகுதான் சரியாகப் படித்துப் புரிந்துகொண்டேன். தேமல் ஒரு வைரஸ் நோய். செடியின் சாற்றோடு சாறாக உடம்பு முழுவதும் ஓடும். அதைக் கொல்ல மருந்து கிடையாது. வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கடத்தும். நட்டு ஐந்தாறு மாதம் கழித்து வெள்ளை ஈ மூலம் நோய் வந்தால் அதற்குள் கிழங்கு இறங்கியிருக்கும். விளைச்சல் பெரிதாகக் குறையாது. ஆனால் அந்தச் செடியின் குச்சியில் வைரஸ் உட்கார்ந்திருக்கும். அதை வெட்டி நட்டால் அடுத்த செடி முளைக்கும்போதே நோயாளியாகத்தான் முளைக்கும். முதல் இலையிலிருந்தே நோயோடு வளர்கிற செடியில்தான் கிழங்கு விரல் பருமனுக்கு மேல் ஏறாமல் நின்றுபோவதை அதிகம் பார்க்கிறோம். அன்று நாங்கள் கிழங்கைப் பார்த்துக் குச்சி எடுத்தோம். இலையைப் பார்த்திருக்க வேண்டும். அறுவடை நேரத்தில் அதற்கும் வழியில்லை. செடி பாதிக்கு மேல் இலை உதிர்த்து நிற்கும், மிச்ச இலையிலும் வெயில் காலத்தில் அறிகுறி மங்கிவிடும். வெறும் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு இது நோயுள்ளது, இது இல்லாதது என்று எவராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

ஆகவே விதைக்குச்சியைத் தேர்ந்தெடுக்கிற காலம் மாசி அல்ல. நட்ட இரண்டாம் மாதம் முதல் ஐந்தாம் மாதம் வரை, இலை செழித்து நிற்கும்போதே தேர்ந்தெடுத்து அடையாளம் வைத்துவிட வேண்டும்.

ஆத்தூர் பக்கம் ஒரு அக்காவின் காட்டில் இதைச் செய்தோம். பழைய சிவப்புச் சேலை ஒன்றைக் கிழித்து நாடா நாடாவாகக் கொண்டுவந்திருந்தார். வரப்பில் இறங்கிய உடனே ஒரு செடியைக் காட்டி, "சார், இது மஞ்சளா இருக்குதுங்களே, இது அந்த நோய்தானே?" என்று கேட்டார். கிட்டப் போய்ப் பார்த்தேன். நரம்பெல்லாம் பச்சையாக இருந்தது, நரம்புக்கு இடைப்பட்ட பகுதி இலை முழுக்க ஒரே சீராக வெளிறியிருந்தது, இலையின் விரல் போன்ற பிரிவுகள் ஏழும் ஒழுங்காக விரிந்திருந்தன. அது இரும்புச்சத்துக் குறை. நம் சுண்ணாம்பு மண்ணில் சகஜம். நாலு செடி தள்ளி இன்னொன்று இருந்தது. அதில் மஞ்சள் சீராக இல்லை; திட்டு இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தது. ஏழு விரலில் மூன்று குட்டையாகச் சுருங்கி, இலையே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. "இதுதான் அக்கா தேமல்" என்றேன். இரண்டு இலையையும் கிள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நோயில்லாத செடிக்கு மட்டும் தண்டின் அடியில் நாடா கட்டிக்கொண்டே போனார்.

கணக்கு பெரிய கணக்கில்லை. மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 5,000 கரணை, அதாவது நடுவதற்கு வெட்டிய குச்சித் துண்டு, வேண்டும். ஒரு செடியின் தண்டில் எட்டுப் பத்து கரணை தேறும். அப்படியென்றால் ஒரு ஏக்கர் நட 500, 600 நல்ல செடி போதும். 700-க்கு நாடா கட்டிவிட்டு, ஐந்தாம் மாதம் இன்னொரு சுற்றுப் பார்த்து, இடையில் நோய் கண்டவற்றின் நாடாவை அவிழ்த்துவிட்டால் பாதுகாப்பு. இரண்டு பேருக்கு அரை நாள் வேலை.

அறுவடைக்குப் பிறகு நாடா கட்டிய செடிகளின் குச்சியைத் தனியே கட்டி, நிழலில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். படுக்கப் போட்டு வெயில் பட்டால் காய்ந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் நட்டுவிடுவது நல்லது. குச்சியின் தோலை நகத்தால் கீறிப் பாருங்கள். பால் உடனே கசிந்தால் உயிர் இருக்கிறது, கசியவில்லையென்றால் முளைப்பு சந்தேகம்தான். நுனிப்பக்கம் இளசு, அடிப்பக்கம் முற்றல். இரண்டையும் கழித்து நடுத்தண்டிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில், எட்டுப் பத்து கணு இருக்கும்படி கரணை வெட்டுங்கள். அரிவாளால் கட்டையில் வைத்துக் கொத்தினால் முனை பிளந்து அழுகல் ஏறும். ரம்பத்தால் அறுப்பதே மேல். நடும்போது கணு மேல் பார்த்திருக்க வேண்டும். தலைகீழாக நட்ட கரணைகளை இன்றும் பார்க்கிறேன், பெரும்பாலும் கூலிக்கு அவசரமாக நட்ட காடுகளில்.

அடையாளம் வைக்கத் தவறிவிட்டதா, வெளியிலிருந்து குச்சி வாங்கித்தான் ஆக வேண்டுமா? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் சொல்லித்தந்த நாற்றங்கால் முறை அது. கரணைகளை நேரே காட்டில் நடாமல், ஒரு சின்னப் பாத்தியில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்று நாலு வாரத்தில் துளிர்த்து இலை விரியும். குச்சியோடு வந்த நோய் அங்கேயே முகத்தைக் காட்டிவிடும். தேமல் கண்டதைப் பிடுங்கி எரித்துவிட்டு, தெளிவானதை மட்டும் வேரோடு எடுத்துக் காட்டில் நடலாம். ஏக்கருக்கான கரணை அத்தனையும் ஒரு சின்ன அறை அளவு இடத்தில் அடங்கிவிடும். இத்தனை சுலபமான வழியை நம் ஊர்களில் இன்னும் கொஞ்சம் பேர்தான் கடைப்பிடிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். தேமலைத் தாங்கும் ஏத்தாப்பூர்-1 போன்ற ரகங்களும் வந்துவிட்டன. ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள்.

மரவள்ளி நம் நாட்டுப் பயிரல்ல. தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது. 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் பஞ்ச காலத்துச் சோறாக அதைப் பரப்பினார். அதன் தாய்மண்ணில் இந்தத் தேமல் நோய் இல்லை. இங்கே வந்த பிறகுதான் பிடித்தது. நம் பக்கம் அதிகம் காணப்படும் வைரஸுக்கு இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என்றே பெயர். அதே வைரஸ் 2015-இல் கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் தென்பட்டது. மூன்றே வருடத்தில் வியட்நாமிலும் தாய்லாந்திலும் பரவிவிட்டது. அத்தனை தூரம் அத்தனை வேகமாகப் போனதில் வெள்ளை ஈயை விட வியாபாரத்தில் கைமாறிய விதைக்குச்சிகளுக்கே பெரும் பங்கு. அங்கே லாரி லாரியாக நடந்தது, இங்கே மினி ஆட்டோவில் நடக்கிறது.

இப்போது குச்சியோடு இன்னொன்றும் பயணம் போகிறது: மரவள்ளி மாவுப்பூச்சி. இந்தியாவில் முதலில் 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டார்கள். அடுத்தடுத்து நம் மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. நுனிக்குருத்து முட்டைக்கோஸ் மாதிரி சுருண்டு, கணுக்கள் நெருங்கித் தண்டு முறுக்கிக்கொண்டு நின்றால் அதுதான். கணு இடுக்கில் மாவு அப்பியது போல் இருக்கும். அந்தக் குச்சியைக் கட்டி அனுப்பினால் பூச்சியையும் முட்டையையும் சேர்த்து அனுப்புகிறோம். ஆப்பிரிக்காவில் 1970-களில் இதே பூச்சி பஞ்சத்தையே கொண்டுவரப் பார்த்தது. தென் அமெரிக்காவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அடக்கினார்கள். அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவித்து 2022-இல் நம் மண்ணிலும் விட்டிருக்கிறார்கள். குளவி வேலை செய்கிற காட்டில் கண்ட மருந்தை அடித்தால் முதலில் சாவது குளவிதான். அதனால் மருந்து டப்பாவைத் திறப்பதற்கு முன் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

குச்சி கொடுக்கும்போது ரகத்தின் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். முள்ளுவாடியா, குங்குமரோஸா, எச்-226-ஆ என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டில் செருகினால் போதும். எல்லா மரவள்ளியிலும் சயனைடு விஷத்தை உண்டாக்கும் பொருள் கொஞ்சமோ அதிகமோ உண்டு. ஆலைக்கென்றே போடும் ரகங்கள் சிலவற்றில் கூடுதல். அந்தக் குச்சியைப் பேர் தெரியாமல் வாங்கிப்போய் வீட்டுக் கொல்லையில் நட்டு, கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் ஆபத்து. எந்த ரகமானாலும் பச்சையாகத் தின்னக் கூடாது. தோல் உரித்து, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சை இலையை வயிறு முட்டத் தின்ற ஆடு காட்டிலேயே விழுந்து செத்ததை நான் பார்த்திருக்கிறேன். குச்சிக் கட்டில் ஒட்டியிருக்கும் இலையைக்கூட ஆடு மாடு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஆத்தூர் அக்காவின் அண்ணன் வருடா வருடம் தங்கச்சி காட்டுக் குச்சியைத்தான் நடுவார். அறுவடை முடிந்ததும் வழக்கம்போல் வண்டியோடு வந்தார். அக்கா நாடா கட்டிய குச்சியை மட்டும் கொடுத்தார். அது அண்ணனுக்குப் பாதிக்காட்டுக்குத்தான் காணும். மிச்சம் அவ்வளவு குச்சி கிடக்கிறதே, ஏன் தரமாட்டேன் என்கிறாய் என்று அவர் முகம் மாறினார். "அதை நானே நடலண்ணா, உனக்கு எப்படிக் குடுப்பேன்? இந்த வருசம் வைகாசியில வா. நீயே காட்டுல நடந்து பார்த்து, உனக்கு வேணுங்கற செடிக்கு நீயே கட்டு" என்றார் அக்கா. அண்ணன் பாதிக்காட்டில் மரவள்ளியும் மீதியில் சோளமும் போட்டார். வைகாசியில் நான் அந்தப் பக்கம் போனபோது, தோளில் கிழித்த வேட்டித் துணியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.