லாக் புக்கைப் பிள்ளையே எழுதட்டும்

சாரணர்களுக்கான மாநில அளவிலான விருதான ராஜ்ய புரஸ்கார் தேர்வுக்காக வந்து சேர்ந்த லாக் புக்குகளை, அதாவது முகாமில் செய்ததையும் கற்றதையும் பிள்ளைகள் எழுதிவைக்க வேண்டிய பதிவேடுகளை, நேற்றிரவு பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோராவதிலும் 'இயற்கை அன்னையின் மடியில் தன்நம்பிக்கை பெற்றேன்' என்ற அதே வரி, அதே எழுத்துப்பிழையோடு இருந்தது. மூன்றில் கையெழுத்தே பிள்ளையுடையது அல்ல. சாரண ஆசிரியராக இத்தனை ஆண்டுகள் இதைப் பொறுத்துக்கொண்டது போதும்.

அந்த மூவரில் ஒருவன், ஏலகிரி முகாமின் முதல் நாள் தன் தட்டைக்கூடக் கழுவத் தெரியாமல் நின்றவன். மறுநாள் இரவு மழை பிடித்துக்கொண்டபோது யாரும் சொல்லாமலேயே எழுந்து, கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டினான். வடிய வழி விடாததால் தண்ணீர் நிரம்பி உள்ளே வந்ததும், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சரிவுப் பக்கம் கரையைத் திறந்துவிட்டான். இதில் ஒரு சொல்கூட அவனுடைய லாக் புக்கில் இல்லை. அம்மா எழுதியதில் எப்படி இருக்கும்?

எத்தனை முகாம், எத்தனை பேட்ஜ் என்ற கணக்குதான் வளர்ச்சி என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அல்லவே அல்ல. மலையுச்சியைத் தொட்டவனைவிட, பாதியில் கால் பிசகியவனின் பையையும் சேர்த்துச் சுமந்து திரும்பியவன் அதிகம் வளர்ந்திருக்கலாம். அதற்குத் தனி பேட்ஜ் கிடையாது. 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே சுமார் 20 சிறுவர்கள் நான்கு சிறு அணிகளாகத்தான் இருந்தார்கள். ஐந்தாறு பேர் கொண்ட அணியில் யார் மாறுகிறார் என்பது கண்ணுக்குத் தப்பாது. 1956இல் பிரிட்டனில் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதும் இளைஞர்களை ஒருவரோடு ஒருவர் போட்டியிட வைப்பதில்லை. அந்த விருதுக்கான பயணம் முடிந்தபின் தாங்கள் கண்டதை அவர்களே எடுத்துரைக்க வேண்டும்.

பெற்றோரே, தயவுசெய்து பேனாவைக் கீழே வையுங்கள். முகாமிலிருந்து திரும்பிய பிள்ளையிடம் பரிசு வாங்கினாயா என்று கேட்காமல், எது சொதப்பியது, பிறகு என்ன செய்தாய் என்று கேளுங்கள். முகாமுக்கு வராத மாணவனுக்கும் சான்றிதழ் கேட்டு வரும் தலைமையாசிரியர்கள் என்னிடம் வர வேண்டாம். எங்கள் பங்கிலும் பிழை உண்டு: 'நல்ல தலைமைப் பண்பு' என்று எல்லோருக்கும் ஒரே வரியை எழுதித் தள்ளுகிறோம். செய்த செயலை, நாளும் நேரமும் குறித்து, அன்று மாலையே எழுதிவைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து எல்லா முகங்களும் கலந்துவிடும்.

அந்த மூன்று புத்தகங்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பென்சிலில், பிழையோடு, அரைப் பக்கம் எழுதி வந்தாலும் ஏற்றுக்கொள்வேன்.